வேலை தஞ்சாவூர்ப் பல்கலைக்கழகத்தில், வீடு திருவையாற்றில்: ஊர் வம்பைத் தாங்க முடியுமா?

உங்கள் கேள்வி இது: தஞ்சாவூரில் பல்கலைக்கழக வேலை கிடைத்திருக்கிறது, நகரத்து வாடகை கட்டுப்படியாகவில்லை, திருவையாறு மாதிரி ஒரு சின்ன ஊரில் வீடு பார்க்கலாமா, ஆனால் அங்கே எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்து அடுத்தவர் விஷயத்தை நோண்டுவார்களாமே, உண்மையா?

உண்மைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அந்த "திண்ணையில் உட்கார்ந்து" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் பதில் எழுத வந்தேன். அந்த விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

நான் கும்பகோணத்தில் பிறந்து திருவையாற்றில் வாக்கப்பட்டவள். வேலை தஞ்சாவூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில். அதாவது நீங்கள் செய்யப்போவதை நான் ரொம்ப காலமாகச் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் தனியாக, முதல் வேலையில் வருகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். குடும்பத்தோடு வருவதாக இருந்தால் பாதி கஷ்டம் குறைவு, குழந்தை இருந்தால் முக்கால்வாசியே குறைவு. குழந்தையைப் பிடித்துக்கொண்டு பெற்றவர்களை விட்டுவிடுவார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகையில் கையில் இருக்கும் பையைப் பார்த்தே சம்பளம் போட்டாயிற்றா இல்லையா என்று சொல்லிவிடுவார். எங்கள் மாடியில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் குடியிருந்தாள், பேராவூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வந்த புதிதில் தினமும் என்னிடம் வந்து புலம்புவாள். "ஏன்க்கா, எங்க போற, எப்ப வருவ, வீட்ல எத்தன பேரு, அப்பாவுக்கு எவ்வளவு தென்னை, எந்த ஸ்டாப்புல எறங்கணும், இதெல்லாம் அவங்களுக்கு எதுக்குக்கா?" நான் சிரித்து வைப்பேன். கல்யாணமாகி வந்த புதிதில் இதே பாட்டி என் அம்மா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் உப்பா நல்ல தண்ணீரா என்று வரைக்கும் கேட்டவர்.

2018 நவம்பர் 15 ராத்திரி கஜா புயல் வந்தது. எங்கள் ஊரில் காற்றோடு போயிற்று, சில முருங்கை மரங்கள், ஒரு வீட்டுக் கூரைத் தகரம், அவ்வளவுதான். விடிந்த பிறகுதான் டிவியில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று பெயர்கள் வர ஆரம்பித்தன. அந்தப் பெண் மொட்டை மாடியில் போனை வைத்துக்கொண்டு நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். அங்கே டவர் எதுவும் வேலை செய்யவில்லை. அவள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்கிற நிலையிலும் இல்லை.

கீழே என்ன நடந்ததென்றால், பாட்டிக்கு அவள் ஊர் தெரியும், ஸ்டாப் தெரியும், அப்பா பெயர் தெரியும். பால்காரரின் தங்கையை ஒரத்தநாட்டில் கொடுத்திருக்கிறது, அது பாட்டிக்கும் தெரியும். வாழைத்தார் லோடு அடிக்கிற குட்டியானைக்காரர் எந்தெந்த நாளில் சும்மா இருப்பார் என்பது தெரு முழுக்கத் தெரியும். மத்தியானத்துக்குள் வண்டி வாசலில் நின்றது. அரிசி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொசுவர்த்தி, தண்ணீர் கேன், தார்ப்பாய். பாட்டி தன் பழைய புடவைகளைத் துவைத்து மடித்து ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். கொல்லை வேலைக்குப் போகிற நாலைந்து ஆட்கள் அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார்கள், வழியெல்லாம் மரம் கிடக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மறுநாள் விடிகாலையில் கிளம்பினார்கள், அவளையும் முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு. ஒரத்தநாட்டைத் தாண்டியதும் வெட்டுவதும் இழுத்துப்போடுவதுமாகவே போனார்களாம். ஊர் போய்ச் சேர இருட்டிவிட்டது. அப்பா அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. தென்னந்தோப்பு மட்டும் படுத்துவிட்டது. ஒரு தென்னை காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று தோப்பு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

உடனே ஒருவர் வருவார்: "பேரிடர் வந்தால் எங்கேயும்தான் உதவுவார்கள், 2015 சென்னை வெள்ளத்தில் பார்க்கவில்லையா?" பார்த்தேன், சரிதான், சென்னைக்காரர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. இங்கே அந்தப் பெண் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருக்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன். முன்னாலேயே நோண்டி வைத்திருந்ததால்தான் அது நடந்தது. இப்போது அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். பாட்டிக்கு போன் போட்டு எந்த வீட்டில் வளைகாப்பு, எந்த வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று விசாரிக்கிறாள். என்னிடம் அவ்வளவு பேசுவதில்லை.

சரி, திண்ணை. முதலில், திண்ணை வைத்த வீடே இப்போது குறைவு. எல்லாம் கிரில் கேட் போட்டாயிற்று. அக்டோபர் மாதம் வாசலில் நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற ஆண்களைப் பார்த்தால் வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று உங்களுக்குத் தோன்றும். ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து, குறுவை நட்டு, அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டு முறை எப்போது வரும் என்று காத்திருக்கிறவர்கள் அவர்கள். ராத்திரி அங்கே தார்ப்பாய்க்குப் பக்கத்தில் படுத்துவிட்டு, பகலில் தம்பியையோ மகனையோ உட்காரவைத்துவிட்டுக் குளித்துச் சாப்பிட வந்தவர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டோம் என்பார்கள், அந்த மாதத்தில் எங்கள் பக்கம் காற்றிலேயே ஈரம் இருக்கும். ஒரு வெயில் அடித்தால் பரப்பு, ஒரு தூறல் போட்டால் குவித்து மூடு. மேலே மூடி வைத்த குவியலைக் கீழே கிளறினால் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருக்கும். சலுகை கேட்டு மனு போய், மேலேயிருந்து குழு வந்து நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போவதற்குள் பாதி ஜனம் வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குப் போட்டுவிடும். இதில் 40 கிலோ மூட்டை ஒவ்வொன்றுக்கும் கையில் தனியாக வேறு வைக்க வேண்டும், எதற்கு என்று கேட்டால் எங்கள் நெல்லுக்கு மட்டும் சாக்கு தீர்ந்துபோகும். எந்த நிலையம், எந்த ஊர் என்று நான் சொல்லப்போவதில்லை, என் கணவருக்கு அடுத்த போகமும் அங்கேதான் போக வேண்டும். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். திண்ணை என்றதும் வந்துவிட்டது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஊர் உங்களிடம் திரும்பக் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை, போக வர இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம், மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். எழவு வீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும். பத்து நிமிஷம் நின்றால் போதும், ஆறுதலாகப் பேசத் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள், யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். கிளம்பும்போது மட்டும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிடாதீர்கள், பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். புதிதாக வருகிற படித்தவர்கள் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு கிளம்புகிறேன் என்று அந்த வார்த்தையைச் சொல்லி, வீட்டு ஆட்கள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

திருவிழாவைப் பொறுத்தவரை, வெளியூர்க்காரர்கள் திருவையாறு என்றால் தியாகராஜர் ஆராதனை என்பார்கள். அது நல்லதுதான், பஞ்சரத்ன கீர்த்தனை பாடுகிற அன்று காவேரிக்கரையில் நின்றால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்த ஒரு வாரம் ஊர் வந்தவர்களுடையது, எங்களுக்கு கார் நிறுத்தத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிற வேலை. எங்களுடையது சித்திரையில் வருகிற ஏழூர்த் திருவிழா. ஐயாறப்பர் பல்லக்கில் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றி வருவார், ஒவ்வொரு ஊர் சாமியும் கூடச் சேர்ந்துகொள்ளும். சுற்றி முடித்து வருகிற சாமிக்குப் பொம்மை பூப்போடுகிற அன்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் பார்த்தீர்களானால் பாட்டியிடமிருந்து உங்களை என்னாலும் காப்பாற்ற முடியாது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் என்னைப் பூசி மெழுகுகிறவள் என்பீர்கள், சொல்லிவிடுகிறேன். வீடு கேட்டுப் போனால் சாதி கேட்பார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள். சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, குலதெய்வம் எது, கறி மீன் உண்டா, இந்த வரிசையில் வரும். பதில் பிடிக்காவிட்டால் "பையன் ஊர்லேருந்து வரான், வீடு வேணும்னு சொல்லிட்டான்" என்று முடித்துவிடுவார்கள். நாங்கள் அப்படிக் கேட்டு வாடகைக்கு விட்டதில்லை, அதற்காக என் மாமியாரிடம் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. மேலே சொன்ன பெண்ணுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் அதே சுலபத்தில் கிடைத்துவிடும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தஞ்சாவூரிலும் இது உண்டு, அங்கே புரோக்கர் உங்களுக்குப் பதிலாகக் கேட்டுக்கொள்கிறார். அதை வைத்து எங்கள் ஊரை நியாயப்படுத்தவும் முடியாது.

பஸ்ஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் முக்கியம். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு சுமார் 13 கிலோமீட்டர், வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து பாலம் ஏறி இறங்க வேண்டும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. தமிழ்ப் பல்கலைக்கழகம் நகரத்துக்கு அந்தக் கோடியில் இருக்கிறது, திருமலைசமுத்திரத்தில் இருக்கிற சாஸ்திரா இன்னும் தள்ளி. எதுவாக இருந்தாலும் நகரத்தைக் குறுக்கே கடந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். நீங்கள் பெண்ணாக இருந்தால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021லிருந்து டிக்கெட் இல்லை, அந்த மிச்சம் மாசக் கடைசியில் தெரியும். காலையில் நிற்க இடம் கிடைக்காது, அதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் வேலை ராத்திரி எட்டு மணிக்கு மேல் இழுக்கிற வேலையாக இருந்தால் வண்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தஞ்சாவூரிலேயே பாருங்கள்.

வீடு பார்க்க ஆராதனை வாரத்தில் மட்டும் வராதீர்கள், வாடகை விசாரிக்கவே ஆள் கிடைக்காது. ஐப்பசி மழையில் வந்து பாருங்கள். வயலை மனையாகப் போட்ட புது நகர்களில் வாய்க்காலை மூடிவிட்டார்கள், எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணால் தெரியும். வீட்டுக்காரர் சொல்ல மாட்டார். எதிர்வீட்டில் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள், அட்வான்ஸ் எவ்வளவு கேட்டார் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டே.