பீரோவைத் திறந்து வையுங்கள்: சிறுவர் நூலகக் கேள்வி பதில்

எங்கள் மண்டல நூலகர் கூட்டத்தில் சிறுவர் நூல் அமர்வுக்கு வந்த கேள்விச் சீட்டுகள் இவை. சிறுவர் பகுதியிலேயே பணிக்காலம் முழுக்க இருந்தவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

சிறுவர் புத்தகங்கள் சீக்கிரம் கிழிந்துவிடுகின்றன. என்ன செய்வது? (ஊர்ப்புற நூலகர்)

கிழியட்டும். பூட்டிய பீரோவில் இருக்கிற புத்தகம்தான் கிழியாது. 1931-இல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நூலகங்களுக்கு எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதே ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பதுதான். கிழிசலுக்கு செலோ டேப் மட்டும் வேண்டாம். நாளாக ஆக மஞ்சளாகி, பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய டிஷ்யூ தாளும் மைதாப் பசையும் போதும். பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம். குழந்தைகள் வாயில் வைக்கிற புத்தகத்துக்கு வேண்டவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

என் மகளுக்கு நாலு வயது. எழுத்து தெரியாது. நூலகத்துக்குக் கூட்டி வரலாமா?

தாராளமாக. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள்? அது அவளுடைய இடமும்தான்.

என் மாணவி ஒருத்தி ஐந்தாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். ஏன்? (ஆசிரியை)

அவளைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு சிறுமி என் பக்கத்தில் உட்கார்ந்து ‘கொக்கு’ என்ற சொல்லில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. விரல் கொம்புக்குப் போனது, ‘க’வுக்கு வந்தது, காலைத் தொட்டது, திரும்பவும் கொம்புக்கே போனது. காதில் கேட்பது ‘க்’ முதலில், ‘ஒ’ பிறகு. கண்ணில் படுவதோ கொம்பு முதலில். போதாததற்கு ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ஒரே ‘க’தான், ஒலி மூன்று விதம். இவ்வளவையும் அவிழ்த்து வரியின் கடைசிக்கு வருவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும். அப்புறம் கதை எப்படிப் புரியும்? சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து, விரல் வைத்து, நீங்கள் முதலில் வாசியுங்கள். மறுநாளும் அதையே வாசியுங்கள். மூன்றாம் நாள் அவள் முந்திக்கொள்வாள்.

எந்த வயதுக்கு எந்தப் புத்தகம்?

வயதைப் பார்க்காதீர்கள், வாசிக்கிற நிலையைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தது அதற்குத்தான்.

ஏழு வயதுப் பையனுக்கு எது?

மேலே பார்க்கவும்.

இப்போது வரும் சிறுவர் நூல்களில் பேச்சுத் தமிழ் மலிந்துவிட்டது. தமிழ் கெடாதா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

கெடாது ஐயா. வீட்டில் ‘வந்துட்டான்’ என்று கேட்ட குழந்தை, தாளில் ‘வந்துவிட்டான்’ என்று பார்க்கிறது. அதற்கு அது புதுச் சொல். உரையாடலில் அதன் வாய்மொழி வந்தால் புத்தகம் தன்னுடையது என்று தெரியும்.

யாருடைய பேச்சு? ‘ஏலே’ என்று எழுதினால் கோவைக் குழந்தை என்ன செய்யும்? (அதே ஆசிரியர்)

இது நியாயமான கேள்வி. அதனால்தான் கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பாத்திரங்கள் மட்டும் அவரவர் ஊர்ப் பேச்சைப் பேசட்டும் என்கிறேன். கோவைக் குழந்தைக்கு ‘ஏலே’ இடிக்காது. இரண்டு முறை சத்தமாக வாசித்தால் அதுவே சொல்லிப் பார்க்கும்.

அப்படியானால் தேர்வில் பேச்சுத் தமிழில் எழுதினால் மதிப்பெண் போடுவீர்களா? (இன்னொருவர்)

நாம் பேசுவது கதைப் புத்தகம் பற்றி. ஆறு வயதுக் குழந்தையிடம் தேர்வை இழுத்து வராதீர்கள். முதலில் வாசிக்கப் பிடிக்கட்டும்.

கதை படித்ததும் நீதி கேட்கலாமா?

வேண்டாம்.

பீரோவைத் திறந்து வைத்துப் புத்தகம் காணாமல் போனால் யார் பொறுப்பு? (மூன்று சீட்டுகளில் இதே கேள்வி)

இருப்புச் சரிபார்ப்பு என்றாலே வரும் பயம் எனக்கும் தெரியும். நானும் ஒரு வருடம் அந்தப் பயத்தில் பூட்டித்தான் வைத்திருந்தேன். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து அட்டைப்படம் பார்த்துவிட்டுப் போனார்கள். சாவி கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. தினமும் சாயங்காலம் அந்த மூக்குத் தடங்களைத் துடைத்தேன். மறு வருடம் கதவைக் கழற்றச் சொன்னேன்.