கம்ப்யூட்டர் 0.84ன்னு சொல்லுது, அப்பாவுக்கு ஸ்டென்ட் வேண்டாமா?

லண்டன்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "அப்பாவுக்கு 61 வயசு, வேகமா நடந்தா நெஞ்சு இறுக்குது. சிடி ஆஞ்சியோல எல்ஏடிங்கிற இதய ரத்தக் குழாய்ல 60% அடைப்பு. ஆனா எஃப்எஃப்ஆர்-சிடி 0.84 வந்திருக்கு, இப்போதைக்கு மாத்திரை போதும்னு சொல்லிட்டாங்க. உள்ள கம்பி விட்டு பாக்காம கம்ப்யூட்டர் சொன்னத எப்படி டாக்டர் நம்புறது?"

60%ன்னு கேட்டா யாருக்கும் வயித்த கலக்கத்தான் செய்யும்மா. ஆனா அது குழாய் எவ்வளவு சுருங்கியிருக்குன்னு மட்டும்தான் சொல்லுது, அதத் தாண்டி ரத்தம் போதுமான அளவு போகுதாங்கிறது வேற கேள்வி, அதுக்குத்தான் எஃப்எஃப்ஆர், அதாவது அடைப்பத் தாண்டின அழுத்தத்த முன்னாடி இருக்கிற அழுத்தத்தால வகுத்து வர்ற நம்பரு. அத சிடி படத்துல இருந்தே கணக்கு போட்டா எஃப்எஃப்ஆர்-சிடி. அப்பாவுக்கு 0.84ன்னா, அடைப்புக்கு முன்னாடி அழுத்தம் 100ன்னா தாண்டினப்புறம் 84 இருக்கு. 0.80 இல்லன்னா அதுக்கும் கீழ வந்தாத்தான் ரத்தம் பத்தலைன்னு எடுத்துக்குவோம்.

முன்னாடி இத அளக்க கேத் லேப்ங்கிற ஆஞ்சியோ அறைல படுக்க வச்சு மெல்லிசா ஒரு கம்பிய இதயக் குழாய்க்குள்ள விட்டு ரத்த ஓட்டத்த கூட்டுற அடினோசின் மருந்து ஏத்தித்தான் பாக்கணும். இப்ப எடுத்த சிடி படத்தையே ஹார்ட்ஃப்ளோ மாதிரி கம்பெனிக்கு அனுப்புறாங்க, மெஷின் லேர்னிங் குழாயோட உள் சுவர வரைஞ்சு 3டி மாடல் ஆக்குது, ஆளுங்க உக்காந்து அத சரிபாக்குறாங்க, அப்புறம் விமான இறக்கைக்கு காத்தோட்டம் கணக்கு போடுற அதே நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்ட வச்சு ரத்தம் ஓடுறத கணக்கு போடுறாங்க. அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014ல அனுமதிச்சது, எந்த சிகிச்சை சரின்னு வழிகாட்டுற உங்க ஊரு அமைப்பு நைஸ் 2017ல பரிந்துரைச்சது. குருட்டு ஜோசியம் இல்ல.

ஆனா படம் சரியில்லன்னா கணக்கும் சரியா வராது. ஸ்கேன் நேரத்துல இதயம் வேகமா துடிச்சு படம் கலங்கியிருந்தாலோ, குழாய்ல கால்சியம் நிறைய படிஞ்சிருந்தாலோ நம்பரு தப்பலாம். அதனால டாக்டர்கிட்ட ரெண்டு கேளுங்க: படம் தெளிவா இருந்துச்சா, அந்த 0.84 குழாயோட எந்த இடத்துல எடுத்தது? குழாய் நுனிக்குப் போகப் போக நம்பரு தானாவே குறையும், அதனால அடைப்பத் தாண்டி ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்ல என்ன இருக்குன்னுதான் பாக்கணும்.

இன்னொண்ணு, இதத்தான் நான் அழுத்தி சொல்ல வர்றேன். 0.84 இன்னைக்கு ரத்தம் ஓடுறதப் பத்தின கணக்கு, அடைப்பா இருக்கிற அந்த கொழுப்புத் திட்டு நாளைக்கு வெடிக்காதுன்னு கேரண்டி இல்ல. அதனால ஸ்டென்ட் வேண்டாம்னு சொன்னத மாத்திரையும் வேண்டாம்னு அப்பா எடுத்துக்கக் கூடாது, கொலஸ்ட்ரால் குறைக்கிற ஸ்டேட்டின், ஆஸ்பிரின் எது எழுதிக் குடுத்தாங்களோ அத ஒரு நாள் கூட விடக்கூடாது, சிகரெட் இருந்தா இன்னைக்கே நிறுத்தணும்.

மாத்திரை ஒழுங்கா போட்டும் நடக்கும்போது இறுக்கம் குறையலன்னா நம்பர பிடிச்சுக்கிட்டு உக்காராம திரும்பப் போங்க, அப்ப கம்பி விட்டு பாக்குறதுல தப்பே இல்ல. சும்மா உக்காந்திருக்கும்போதே வலி வந்தா, வேர்த்துக் கொட்டுனா, உடனே 999 அடிங்கம்மா.