தலையணையைத் தாடையில் இடுக்காதீர்கள்!

சென்ற மாதம் ஹோட்டலில் அறைகளைச் சுத்தமாக வைக்கும் ஹவுஸ்கீப்பிங் வேலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அதைப் படித்துவிட்டு, "வேலை இருக்கட்டும், இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், அதைச் சொல்லுங்கள்" என்று கடிதங்கள் வந்துவிட்டன. நான் ரூம் அட்டெண்டன்டாகச் சேர்ந்து, 31 வருடம் கழித்து அந்தப் பிரிவுக்கே தலைவியாக, எக்ஸிகியூட்டிவ் ஹவுஸ்கீப்பராக ஓய்வு பெற்றவள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நடுங்கியது ஒரே தடவை. இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்ததற்குக் கணக்கில்லை. சமையலறை விஷயத்துக்கு மட்டும் என்னோடு வேலை பார்த்த ஒரு செஃபிடம் கேட்டுக்கொண்டேன்.

கேட்டரிங் டிப்ளமோ முடித்திருக்கிறேன். கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டில் ஃப்ரண்ட் ஆபீஸ் (ரிசப்ஷன்) டிரெய்னி வேலைக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. பள்ளியில் தமிழ் மீடியம். 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' கேள்விக்கு யூடியூப் பார்த்து ஒரு பக்கம் மனப்பாடம் செய்திருக்கிறேன். அனுபவம் எதுவும் இல்லை. லீவில் பழனியில் மாமாவின் லாட்ஜில் உட்காருவேன், அவ்வளவுதான். அதைச் சொன்னால் மட்டமாக நினைப்பார்களா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

தம்பி, முதலில் அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். 'ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர், ஐ ஆம் எ டீம் பிளேயர்' என்று ஒரு பையன் ஒப்பிக்கத் தொடங்கினால், என் மனசு லாண்டரியில் எத்தனை பெட்ஷீட் பாக்கி என்று கணக்குப் போடப் போய்விடும். அன்று வரும் இருபது பேரும் அதே வீடியோவைத்தான் பார்த்திருப்பார்கள்.

பழனி லாட்ஜில் உட்கார்ந்துவிட்டு 'அனுபவம் எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனியில் ரிசப்ஷனில் நின்ற பையனுக்குக் கொடைக்கானல் சீசன் ஒரு பொருட்டா? போனில் ரூம் சொல்லி வைத்திருப்பார்கள், விடிகாலை நாலு மணிக்குக் குழந்தை குட்டியோடு வந்து இறங்குவார்கள், முன்னால் இருந்தவர் இன்னும் காலி செய்திருக்க மாட்டார். இப்படி ஒரு ராத்திரியாவது உங்களுக்கு நடந்திருக்கும். அதைச் சொல்லுங்கள். யார் வந்தார்கள், என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்று நாலு வரி போதும். 'கெஸ்ட் கேம் அட் ஃபோர் இன் த மார்னிங். ரூம் வாஸ் நாட் ரெடி. ஐ கெப்ட் தேர் லக்கேஜ். ஐ கேவ் ஹாட் வாட்டர் ஃபார் பாத்.' இந்த ஆங்கிலத்துக்கு மேல் அன்றைக்குத் தேவையில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக, நிறுத்தி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் அவர்கள் அடுத்த கேள்வியை அதிலிருந்தே கேட்பார்கள். உங்களுக்குத் தெரிந்த ஊரிலேயே பேச்சு நடக்கும்.

இன்னொன்றும் அந்த லாட்ஜிலேயே இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து முருகனைப் பார்க்க வருகிறவர்கள் அங்கே தங்கியிருப்பார்களே? நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார்கள், ஆனால் பாஸ்போர்ட் வெளிநாட்டுப் பாஸ்போர்ட். அவர்கள் தங்கும் விவரத்தை, வந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு ஆன்லைனில் பதிய வேண்டும். ஃபாரம்-சி என்று நாங்கள் சொல்லிப் பழகியது அதைத்தான். 'வெளிநாட்டு கெஸ்ட் வந்தால் செக்-இன்னில் என்ன செய்வீர்கள்?' என்பது ஃப்ரண்ட் ஆபீஸ் இன்டர்வியூவில் வழக்கமான கேள்வி. சிரித்த முகத்தோடு வரவேற்பேன் என்று பலரும் பதில் சொல்வார்கள். நீங்கள் பாஸ்போர்ட், விசா நகல், ஃபாரம்-சி என்று சொல்லிப் பாருங்கள், மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார். இதுவரை பதிந்ததில்லை என்றால், மாமாவிடம் கேட்டு இந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

முடிந்தால் முதல் நாளே கொடைக்கானல் போய்விடுங்கள். ரிசார்ட்டிலிருந்து ஏரிக்கு எவ்வளவு தூரம், ஆட்டோ உண்டா என்று நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான். இதையெல்லாம் கெஸ்ட் உங்களிடம்தான் கேட்பார். 'ஏன் எங்கள் ரிசார்ட்டைத் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்ற கேள்வி வரும்போது இவற்றில் ஒன்றிரண்டு தானாக வாயில் வந்துவிடும். அதற்கென்று தனியாகப் பதில் தயாரிக்க வேண்டியதில்லை.

கடைசியில் 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். இல்லை சார் என்று எழுந்துவிடாதீர்கள். தங்க இடம் உண்டா, சாப்பாடு டூட்டி நேரத்தில் மட்டுமா மூன்று வேளையுமா, பிரேக் ஷிஃப்ட் உண்டா, சர்வீஸ் சார்ஜில் டிரெய்னிக்குப் பங்கு உண்டா என்று கேளுங்கள். பிரேக் ஷிஃப்ட் என்றால் காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம். கேட்க எட்டு மணி நேரம்தான், ஆனால் நாள் முழுக்கப் போய்விடும். மலையில் தங்கும் இடத்தைப் பற்றிக் கேட்கும்போது கம்பளி தருவார்களா என்றும் கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எனக்கு 44 வயது. பத்து வருடமாக ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு சுத்தம் செய்கிறேன். இங்கே ஒரு பெரிய ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள். பேசுவதற்குப் பயமில்லை, 'பிராக்டிகல்' வைப்பார்களாம், அதுதான் பயம். புடவையில் போகலாமா?
– வாசகி, மதுரை

இது என் பேட்டை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு காலி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், 'கட்டிலைப் போடுங்கள்' என்பார்கள். மெத்தை, அதன் மேல் அழுக்குப் படாமல் காக்கும் புரொடெக்டர், அதன் மேல் பெட்ஷீட். ஷீட்டின் நடு மடிப்பு கட்டிலின் நடுவில் விழ வேண்டும். மூலையை, பரிசுப் பொருளுக்குக் காகிதம் சுற்றுகிற மாதிரி சாய்வாக, 45 டிகிரியில் மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். அதற்கு மைட்டர் கார்னர் என்று பேர். வீட்டில் நாலைந்து நாள் போட்டுப் பாருங்கள், கை பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடினால், இவர் ஒரு ஷிஃப்டில் 14 அறை தாங்க மாட்டார் என்று சூப்பர்வைசர் அப்போதே முடிவு செய்துவிடுவார்.

அப்புறம் தலையணை. நான் ஆள் எடுக்கும்போது கவனித்துப் பார்த்தது இதைத்தான். வீட்டில் நாம் எல்லோரும் உறை போடுவது எப்படி? தலையணையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, கீழிருந்து உறையை ஏற்றுவோம். ஹோட்டலில் அது கூடவே கூடாது. நம் வேர்வையும் பவுடரும் ஒட்டும் அதே இடத்தில்தான் காசு கொடுத்து வந்தவர் முகம் வைத்துப் படுக்கப் போகிறார். தலையணையைக் கட்டில் மேலேயே நீளவாக்கில் இரண்டாக மடித்து, உறைக்குள் விட்டு, உறையின் முனைகளைப் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். உறையின் திறந்த வாய் அறைக் கதவைப் பார்க்காமல் மறுபக்கம் இருக்கட்டும். வைத்து முடித்ததும் குனிந்து பக்கவாட்டில் ஒரு பார்வை பாருங்கள், முடி ஒன்று கிடந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.

நானும் என் இன்டர்வியூவில் தாடையில் இடுக்கியவள்தான். எதிரே நின்ற அம்மா, "மறுபடி போடு, முகம் படாமல்" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது தடவை பத்து நிமிஷம் ஆயிற்று எனக்கு. உறைக்குள் தலையணை கோணிக்கொண்டு நின்றது. ஆனால் முகம் படவில்லை. மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள். அதனால் தப்பு என்று சொன்னால் பதறாதீர்கள். சரிம்மா என்று சொல்லிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

வாய்க் கேள்விகள் சுலபம். கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டை தொங்கினால் தட்டக் கூடாது. மதியம் தாண்டியும் தொங்கினால் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும், அவர்கள் போன் போட்டுப் பார்ப்பார்கள். காலி செய்துவிட்டுப் போன அறையில் பணம் கிடந்தால் உடனே ஹவுஸ்கீப்பிங் டெஸ்க்குக்கு போன் செய்து, அறை எண், தேதி, நேரத்தோடு பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். ட்ராலியில் வைத்துக்கொண்டு 'அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்' என்று இருக்கவே கூடாது.

ஆஸ்பத்திரி வேலையைத் தயங்கித் தயங்கிச் சொல்லாதீர்கள். கழிப்பறைத் துணி வேறு, வாஷ்பேசின் துணி வேறு என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளீச்சையும் ஆசிட்டையும் கலந்தால் விஷவாயு வரும் என்பதும் தெரியும். ரத்தக் கறைபட்ட ஷீட்டை மற்ற துணியோடு போடக் கூடாது என்பதும் தெரியும். புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கவே எனக்கு ஒரு மாதம் பிடிக்கும்.

உடை: குனிந்து நிமிர வேண்டியிருப்பதால் சுடிதார் வசதி. புடவைதான் பழக்கம் என்றால் காட்டன் புடவை, நன்றாகப் பின் குத்தி. கொண்டை, வெட்டிய நகம், சத்தம் போடாத செருப்பு. மல்லிகைப் பூ அன்றைக்கு ஒரு நாள் வேண்டாம். மதுரைக்காரரிடம் இதைச் சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் உதிர்ந்த ஒரு மொட்டு வெள்ளை ஷீட்டில் கிடந்தால் கெஸ்ட் அதை மொட்டு என்று பார்க்க மாட்டார்.

அப்பாவோடு பதினைந்து வருடமாகக் கல்யாணச் சமையல் செய்கிறேன். சென்னையில் ஒரு ஹோட்டலில் தென்னிந்தியச் சமையல் பிரிவுக்கு, சமைத்துக் காட்டும் ட்ரேட் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுப் பெயரெல்லாம் கேட்பார்களா?
– வாசகர், காரைக்குடி

செஃப் நண்பர் உங்கள் கடிதத்தைக் கேட்டதும் சொன்னது: "பிரெஞ்சை விடுங்கள், அவர் நாலு பேருக்குச் சாம்பார் வைப்பாரா என்று கேளுங்கள்." பத்து கிலோ பருப்புக்குப் பெருங்காயம் எவ்வளவு என்று உங்கள் கைக்குத் தெரியும். 100 கிராம் பருப்புக்கு? உப்பும் புளியும் அங்கேதான் தடுமாறும். ட்ரேட் டெஸ்ட்டில் நாலு தட்டு அளவுக்குத்தான் சாமான் தருவார்கள். இப்போதே ஒரு தராசு வாங்கி, வீட்டில் தினம் ஒரு வேளை அளந்து சமைத்து, அளவை நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டையும் கையில் கொண்டு போங்கள்.

இன்னொரு பழக்கம், உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பது. கல்யாண மண்டபத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஹோட்டலில் அந்த ஒன்றுக்கே அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் சுத்தமான ஸ்பூன். காய்க்குப் பச்சைப் பலகை, சமைக்காத இறைச்சிக்குச் சிவப்புப் பலகை. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமி வளரும் சூடு, அதில் உணவை விட்டு வைக்கக் கூடாது. இந்த மூன்றும் பேச்சிலும் வரும், உங்கள் கையிலும் பார்ப்பார்கள். நேரம் முடியும்போது மேடை துடைத்திருக்க வேண்டும்.

மகள் பி.எஸ்சி. ஹோட்டல் மேனேஜ்மென்ட். இன்டர்வியூவுக்குப் போகிறாள் என்றால் சொந்தக்காரர்கள் "ஓட்டல்ல வேலையா?" என்று சிரிக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகி, கும்பகோணம்

நம் ஊரில் இட்லிக் கடையும் ஓட்டல், முந்நூறு அறை கட்டிடமும் ஓட்டல். குற்றம் வார்த்தையின் மேல். என் மாமியார் 'மெட்ராஸ்ல கம்பெனி வேலை' என்றே கடைசி வரை ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிக்கிறவர்களை விடுங்கள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் வீடு வரை வண்டி விடுவார்களா என்று மட்டும் மகளை இன்டர்வியூவிலேயே கேட்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, ஆஃபர் லெட்டரில் வர வேண்டும்.

துபாய் ஹோட்டலில் வெயிட்டர் வேலை, இன்டர்வியூவுக்கு முன்பே ரூ.15,000 கட்டச் சொல்கிறார் ஏஜென்ட். கட்டலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

கட்டாதீர்கள். இன்டர்வியூவுக்குக் காசு கேட்கிற ஹோட்டலை நான் பார்த்ததில்லை. மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த ஏஜென்ட்டின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சே வேண்டாம். பதிவு பெற்றவராக இருந்தாலும் சர்வீஸ் கட்டணம் ரூ.30,000, அதோடு ஜி.எஸ்.டி. அதற்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை, வாங்கினால் ரசீது தர வேண்டும்.

இன்டர்வியூ அறையில் வேண்டுமென்றே ஒரு காகிதத்தைக் கீழே போட்டு வைத்து, யார் எடுக்கிறார்கள் என்று பார்ப்பார்களாமே, உண்மையா?
– வாசகர், கோவில்பட்டி

31 வருடத்தில் நான் போட்டதில்லை. என் ஹோட்டலில் தரையில் காகிதம் கிடந்தால், உங்களை இன்டர்வியூ செய்வதற்கு முன்னால் ஜெனரல் மேனேஜர் என்னை இன்டர்வியூ செய்திருப்பார்.