கையால் செய்த டிஜெரிடூவின் ஒலியில் அப்படி என்ன வித்தியாசம்? விலை கொடுத்து வாங்கலாமா?

டிஜெரிடூ என்பது ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மர ஊதுகுழல். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று மெல்போர்ன் வந்த புதிதில் சுற்றுலாக் கடை ஒன்றில் வாங்கியது, உடம்பெல்லாம் கலர் கலராகப் புள்ளி, ஊதினால் வெறும் குழாய்ச் சத்தம். இன்னொன்று சில வருடம் கழித்து, ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம் லேண்டில் யிர்கலா ஊரில் இருக்கும் கலை மையத்திலிருந்து வரவழைத்தது. அதை முதல்முறை ஊதியபோது பக்கத்து அறையில் இருந்த மனைவி என்னவோ வண்டி வந்து நிற்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

வித்தியாசம் எங்கே என்றால், உள்ளே. மரபு முறையில் செய்யும் கருவியின் துளையை மனிதர்கள் குடைவதில்லை, கரையான் குடைகிறது. ஸ்ட்ரிங்கிபார்க் போன்ற யூகலிப்டஸ் மரங்களில் வெளிப்பக்கம் உயிரோடு நிற்க, நடுவைரத்தை மட்டும் கரையான் தின்றுவிடும். செய்கிறவர் காட்டுக்குள் போய், நாம் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல மரத்தைத் தட்டிக் காது கொடுப்பார், பெரும்பாலான மரங்களை அப்படியே விட்டுவிட்டு நடப்பார். சரியானது கிடைத்தால் வெட்டி, பட்டை உரித்து, உள்ளே இருக்கும் கரையான் மண்ணைக் குத்தி எடுத்து, வெளிப்பக்கம் செதுக்கி, தேவைப்பட்டால் வாய்ப்பக்கம் தேன்மெழுகு வைப்பார்கள். எந்த மரம், எந்த இடத்தில் வெட்டுவது, சுவரை எவ்வளவு மெல்லியதாக்குவது, கைவேலை என்பது பாதிக்கு மேல் இந்த முடிவுகள்தான்.

ஒரே அளவான நேர்க்குழாயை அடிச்சுரத்தில் ஊதிவிட்டு உதட்டை இறுக்கினால், அடுத்து வருவது மூன்று மடங்கு அதிர்வெண். அதாவது அடிச்சுரத்தை ஸா என்று வைத்தால் மேல் ஸ்தாயி பஞ்சமம். கரையான் தின்ற துளை கோணல்மாணலாகக் கீழே விரிந்துகொண்டே போவதால் அந்தச் சுரம் கீழே இறங்கிவிடும், என்னுடையதில் மேல் காந்தாரத்துக்குக் கிட்டே நிற்கிறது. கருவிக்குக் கருவி இது மாறும். யிடாகி என்று இதை அழைக்கும், வடகிழக்கு ஆர்னம் லேண்டின் பழங்குடியினரான யோல்ங்கு மக்கள் இந்த மேல்சுரத்தைத் தாளத்துக்கு நடுவே சட்டென்று வெட்டி எடுப்பார்கள். மேற்கு ஆர்னம் லேண்டில் மாகோ என்று அழைக்கும் வகை கொஞ்சம் குட்டை, அதில் இந்த மேல்சுரம் எடுக்கும் வழக்கம் இல்லை.

அப்புறம் வாய். நாக்கை நகர்த்தினால் ஒலி ‘ஈ’, ‘ஊ’ என்று நிறம் மாறுவது 1000 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 38 கருவிகளை அளந்து பார்த்ததில், நல்லவை என்று தேறியவற்றில் இந்தப் பகுதியில் குழாயின் சொந்த ஒத்ததிர்வு பலவீனமாக இருந்தது. குழாய் அங்கே வாயை மூடிக்கொண்டால்தான் நம் வாய் பேச முடியும்! என் முதல் கருவியில் எவ்வளவு நாக்கை உருட்டினாலும் ஒன்றும் கேட்காததற்குக் காரணம் என் நாக்கு மட்டும் இல்லை என்று அதைப் படித்த அன்றுதான் நிம்மதி.

விடாமல் ஊதும் மூச்சு, நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவர் செய்வதேதான், கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் இழுப்பது. எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. அதைப் பழக ஹார்டுவேர் கடை பிவிசி குழாய் போதும், சுமார் 4 செ.மீ. விட்டம், ஒன்றேகால் மீட்டர் நீளம். முதலில் அதை வாங்குங்கள்.

அந்த மூச்சு கைவந்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால் தாராளமாக நல்லதை வாங்கலாம். யார் செய்தது, எந்த ஊர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கருவி வடக்கே உள்ளது, புள்ளி ஓவியமோ மத்தியப் பாலைவனத்துப் பாணி, அதனால் புள்ளி வைத்த டிஜெரிடூ என்றாலே எனக்கு இப்போது சந்தேகம். இந்தோனேசியாவில் செய்த பூமராங், டிஜெரிடூ எல்லாவற்றையும் பழங்குடியினர் செய்தவை போலக் காட்டி விற்ற நிறுவனம் ஒன்றுக்கு 2019இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஈரமான வடக்கிலிருந்து வந்த என் யிடாகி, மெல்போர்னின் முதல் குளிர்காலத்திலேயே ஒரு முழத்துக்கு வெடித்து, ஒலி புஸ்ஸென்று போய்விட்டது. மரப்பசை ஊற்றி அடைத்திருக்கிறேன். இப்போது ஊதுவதற்கு முன் உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு வடித்துவிடுகிறேன், அங்கேயும் அப்படித்தான் செய்வார்கள்.