சங்கத்துக் கோப்பி: பக்கற்றுக்குள் எவ்வளவு கோப்பி, எவ்வளவு நன்கொடை?

கேள்வி: எங்கள் பாடசாலைப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு கோப்பி உருவாக்கியிருக்கிறார்கள். கொஞ்சப் பேர் இங்கே, மிச்சப் பேர் கனடாவிலும் சுவிஸிலும். எந்தக் கொட்டை, எவ்வளவு வறுக்க வேண்டும், பக்கற்றில் என்ன படம் என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுத்தே தீர்மானித்தார்களாம். 250 கிராம் 2,400 ரூபா. ‘வன்னிக் கோப்பி, இலாபம் முழுவதும் மாலை வகுப்புகளுக்கு’ என்று போட்டிருக்கிறார்கள். கடையில் வாங்கும் கோப்பித்தூளை விட இது எவ்வளவோ விலை. வாங்கலாமா? (பரந்தன் வாசகர்)

பதில்: வாங்கலாம். ஆனால் காசு கொடுக்க முன் ஒரு கேள்வி கேளுங்கள்: பக்கற் ஒன்றுக்கு வகுப்புக்குப் போவது எத்தனை ரூபா?

‘இலாபம் முழுவதும்’ என்றால் நிறையப் போகிறது போலத்தான் இருக்கும். கொட்டைக் காசு, வறுப்புக் கூலி, பக்கற், அச்சு, மலைநாட்டிலிருந்து பரந்தனுக்கு வரும் பார்சல் செலவு எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் இலாபம். ஒன்றும் மிஞ்சாவிட்டால் வகுப்புக்கும் ஒன்றும் போகாது, அதில் யாரும் பொய் சொன்னதாகவும் ஆகாது. ‘பக்கற்றுக்கு 400 ரூபா’ என்று எழுதியிருந்தால் கதை வேறு. விற்ற பக்கற்றை எண்ணினால் போதும், கொடுக்க வேண்டிய தொகை யாருக்கும் தெரிந்துவிடும். அந்தத் தொகையைச் சொல்லத் தயங்கும் சங்கத்திடம் நான் கோப்பிக்காக மட்டும் வாங்குவேன், தருமத்துக்காக வாங்க மாட்டேன்.

அடுத்தது வங்கிக் கணக்கு. காசு சங்கத்தின் பெயரிலுள்ள கணக்குக்குப் போகிறதா, தனி ஒருவரின் கணக்குக்கா? வகுப்பு நடத்துபவர்கள் காசு கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பார்களா, அதைக் குழுவில் போடுவார்களா? வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் தம்பிமாருக்கும் இதைக் கேட்கும் உரிமை உண்டு. கேட்டால் கோபிப்பார்களே என்று பேசாமல் இருந்துவிடுவது எங்கள் பழக்கம். நேர்மையாகச் செய்பவர்களுக்கு இந்தக் கேள்வி உதவிதான்.

இனி விலை. பச்சைக் கொட்டையை வறுக்கும்போது ஈரம் போய் எடை ஆறில் ஒரு பங்களவு குறையும். ஒரு கிலோ வாங்கினால் 250 கிராம் பக்கற் மூன்றும் கொஞ்சமும்தான் தேறும். ‘ஸ்பெஷாலிட்டி’, அதாவது உயர்தரக் கோப்பி, என்று சொல்ல, பயிற்சி பெற்ற சுவைஞர்கள் 100க்கு 80 புள்ளியாவது போட்டிருக்க வேண்டும். அதற்குப் பழுத்த பழத்தை மட்டும் கையால் பறித்து, பழுதானதைப் பொறுக்கி எறிய வேண்டும். கூலி அங்கேதான் ஏறுகிறது. எனவே விலை கூடியதற்காகவே சந்தேகப்படத் தேவையில்லை. ‘ஸ்பெஷாலிட்டி’ என்று சொன்னால், 80 புள்ளி யார் போட்டது என்று மட்டும் கேளுங்கள்.

‘வன்னிக் கோப்பி’ என்ற பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படியான கோப்பிக்கு எடுக்கும் அராபிக்கா இனத்துக்கு உயரமும் குளிரும் வேண்டும். எங்கள் வெயிலுக்கும் வரட்சிக்கும் அது சரிவராது. இலங்கையில் அது நுவரெலியா, கண்டி, பதுளைப் பக்கம்தான் விளைகிறது. தேயிலைக்கு முன் மலைநாடே கோப்பித் தோட்டமாக இருந்து, 1869இல் தொடங்கிய இலைத்துரு நோயால் அழிந்த கதை தெரிந்ததுதானே. பெயர் வன்னியாக இருக்கட்டும், கொட்டை எந்த மாவட்டம், எந்த அறுவடை, என்றைக்கு வறுத்தது என்பது பக்கற்றில் இருக்க வேண்டும்.

வாக்கெடுப்பைப் பற்றி எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். படத்துக்கு ரொறன்ரோவிலிருந்தும் வாக்குப் போடலாம். சுவைக்கு வாக்குப் போட்டவர்கள் குடித்துப் பார்த்தார்களா? நாலு கோப்பையில் இலக்கம் மட்டும் எழுதி, ஒரே தண்ணீர், ஒரே அளவு தூள் போட்டு, எது எதென்று தெரியாமல் குடித்துத் தெரிவு செய்திருந்தால் அந்தத் தெரிவை நம்பலாம். ‘பூவாசம், சொக்லேற் சுவை’ என்று வாசித்துவிட்டுக் கை தூக்கியிருந்தால், நீங்கள் முதலில் ஒரு பக்கற் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: இப்படியொரு தொண்டுக் கோப்பியை வாங்கினேன். ஒரே புளிப்பு. பழுதாகிவிட்டதா? திருப்பிக் கொடுக்கலாமா? (முள்ளியவளை வாசகி)

பதில்: அனேகமாகப் பழுதில்லை. கருக வறுத்து, மல்லி, சுக்கு போட்டு இடித்த கோப்பியில் வளர்ந்த நாக்குக்கு, இளவறுவல் அராபிக்கா புளிக்கத்தான் செய்யும். பழசானால் மணம் செத்து, அட்டை மாதிரிச் சப்பென்று இருக்கும், அல்லது சிக்கு எண்ணெய் மணக்கும்.

போடும் முறையை மாற்றிப் பாருங்கள். 200 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 12 கிராம் தூள். தண்ணீர் கொதித்து இறக்கியதும் ஊற்றி, மூடி நாலு நிமிடம் விட்டு வடியுங்கள். தூள் பருவெட்டாக இருந்தாலும் தண்ணீர் ஆறியிருந்தாலும் புளிப்புத்தான் முதலில் இறங்கும். கொட்டையாக வாங்கியிருந்தால் உரலில் இடிக்கலாம், ஆனால் அரித்துவிட்டுப் பருவெட்டை மறுபடி இடியுங்கள். ஆர்.ஓ. (இயந்திரத்தில் வடித்துச் சுத்திகரித்த) தண்ணீர் வாங்கிக் குடிக்கும் வீடென்றால் அதுவும் ஒரு காரணம்: கனிமம் குறைந்த தண்ணீரில் புளிப்புத் தூக்கலாகத் தெரியும். கேத்தலில் வெள்ளைப் படிவு விடும் கிணற்றுத் தண்ணீரோ எதிர்ப்பக்கம், அதில் புளிப்பு அடங்கும், மணமும் சேர்ந்து அடங்கும். இரண்டையும் கலந்து பார்க்கலாம்.

சுவை பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி எடுக்கச் சொல்ல முடியாது. பக்கற்றில் திகதியே இல்லை, எடை குறைவு, ‘கலப்பில்லை’ என்று எழுதிவிட்டு வேறேதோ சேர்த்திருக்கிறார்கள் என்றால் அது வேறு விஷயம். தொண்டுக்காக விற்பது என்பது அதற்குச் சாட்டு ஆகாது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாடு என்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தச் சபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். வாங்கும்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மாதர் சங்கம் மல்லிக் கோப்பி வறுத்து விற்று முன்பள்ளிக்குக் காசு சேர்க்க நினைக்கிறது. பக்கற்றில் என்னென்ன போட வேண்டும்? (ஒட்டுசுட்டான் வாசகி)

பதில்: பொருளின் பெயர், சேர்த்தவை எல்லாம் கூடியதிலிருந்து குறைந்தது வரை, நிகர எடை, சங்கத்தின் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, அதிகூடிய சில்லறை விலை. கோப்பியை விட மல்லி கூடவென்றால் மல்லிதான் முதலில் வரவேண்டும். மூன்று மொழியிலும் போட்டுவிடுங்கள், வவுனியாக் கடைக்கும் கொடுக்கலாம். வறுக்கும் இடத்தைத் தொடங்க முன்பே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் காட்டுங்கள்.

எங்கள் வெக்கைக்கு இடித்த தூளின் மணம் வேகமாகப் போகும். சாதாரணப் பொலித்தீனில் போடாமல் காற்றுப் புகாத தடித்த உறையில் அடைத்து, அடைத்த பக்கற் விற்று முடிந்த பிறகே அடுத்த தாச்சியை அடுப்பில் வையுங்கள்.