"கட்டிப்போட்ட நாய் கடிக்கிறதே, என்ன செய்ய?" – கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாயின் வயது இல்லை, எடை இல்லை, தடுப்பூசி போட்ட தேதி இல்லை. இவை தெரியாமல் நான் மருந்து சொல்ல மாட்டேன். அடுத்த முறை எழுதும்போது ஊசி அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

குட்டி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வாந்தி, ரத்தமாகப் பேதி. வீட்டு வைத்தியம் ஏதாவது சொல்லுங்கள். (வாசகி, திண்டுக்கல்)

குட்டி பிழைத்திருக்க வேண்டுமே என்ற கவலையோடுதான் எழுதுகிறேன். தடுப்பூசி போடாத குட்டிக்கு ரத்தப் பேதி என்றால் முதலில் பார்வோ என்ற வைரஸ் நோயைத்தான் சந்தேகிப்போம். டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நோய் அது, மோர் கொடுத்துப் பார்க்கிற நோய் இல்லை. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எழுதிக் கேட்டுக்கொண்டிருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மற்றவர்களுக்கு: ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு மாதம் ஆகும்வரை தொடர வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. பார்வோ வந்த வீட்டுக்கு ஊசி முடியாத வேறு குட்டியை உடனே கொண்டுவராதீர்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா?

கூடாது. பூனைக்கு அறவே கூடாது, உயிரே போய்விடும். நமக்கு வாங்கிய மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

எங்கள் ராஜபாளையம் ஆண் நாய்க்கு இரண்டு வயது. கேட் பக்கத்தில் கட்டியிருக்கிறோம். போகிறவர் வருகிறவரைப் பார்த்தெல்லாம் பாய்கிறது. போன வாரம் பால்காரரைக் கடித்துவிட்டது. என்ன பயிற்சி கொடுக்கலாம்? (வாசகர், மதுரை)

முதலில் பால்காரர் என்ன ஆனார்? அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்களா? ஒரு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். இன்னும் போடவில்லை என்றால் இன்றே அழைத்துப் போங்கள், செலவு உங்களுடையது.

இனி நாய்க்கு வருகிறேன். ராஜபாளையம் வேட்டைக்கு ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம். அதை ஐந்தடிச் சங்கிலியில் இரண்டு வருடம் நிறுத்திவிட்டுப் பயிற்சி கேட்கிறீர்கள். தெரியாத ஆள் கிட்டே வந்தால் நாய்க்கு இரண்டு வழி: விலகிப் போகலாம், அல்லது எதிர்க்கலாம். சங்கிலி முதல் வழியை அடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது பல் ஒன்றுதான்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் இப்படி ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். குட்டியில் மாட்டிய கழுத்துப் பட்டையை யாரும் தளர்த்தவே இல்லை. தோலுக்குள் புதைந்து, சீழ் பிடித்து, ரோமம் ஒட்டிக்கிடந்தது. அறுத்தெடுத்து மருந்து போட்டுக் கீழே இறக்கிவிட்டேன். நாலு எட்டு நடந்தது, சட்டென்று நின்று திரும்பியது. மறுபடி நாலு எட்டு, மறுபடி திரும்பியது. சங்கிலி இல்லை, ஆனால் அதன் நீளம் நாயின் காலில் பதிந்துவிட்டிருந்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "கட்டியே வைத்திருக்கிறீர்களா?"

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதைக் குற்றம் என்றே சொல்கிறது. எந்நேரமும் கட்டிவைத்த நாயை நடமாட விடாத உரிமையாளருக்கும் அதில் தண்டனை உண்டு. அந்தச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். நம் ஊர்க்காரர் பாடுபட்டு வந்த சட்டம் நம் ஊர் வாசலிலேயே மீறப்படுவது எனக்குத் தாங்கவில்லை.

செய்ய வேண்டியது இது. காலை ஏழு மணிக்கு முன்பும் இருட்டிய பிறகும் முக்கால் மணி நேரம் நடை, வாய்க்கூடை மாட்டி. பகலில் மதில் சூழ்ந்த கொல்லையிலோ அறையிலோ அவிழ்த்துவிடுங்கள், கேட் பக்கம் வேண்டாம். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். மூன்று மாதம் விடாமல் செய்தபின் எனக்கு எழுதுங்கள், பயிற்சியைப் பற்றி அப்போது பேசலாம்.

தயிர்சாதம் மட்டும் போதுமா? போதாது. முட்டையோ கோழியோ மீனோ சேருங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கண்ணில் காட்டாதீர்கள்.

எட்டு வயது மகன் தெருநாய்க்குட்டிகள்மேல் கல் எறிகிறான். அடித்தும் பார்த்துவிட்டேன். (வாசகி, தஞ்சாவூர்)

அடித்தால், பலசாலி எளியவனை அடிக்கலாம் என்பதைத்தான் கற்றுக்கொள்வான். வீட்டில் பெரியவர்கள் யாராவது நாயைக் கண்டால் குனிந்து கல் தேடுகிறார்களா என்று பாருங்கள். மொட்டை மாடியிலோ வாசலிலோ தண்ணீர்த் தொட்டி வைத்து, தினமும் கழுவி நிரப்புவது அவன் வேலை என்று கொடுங்கள். தொலைவில் நின்று குட்டி குடிப்பதை அவன் பார்க்கட்டும். நாக்கைப் பின்பக்கம் மடக்கித் தண்ணீரை எப்படி இழுக்கிறது என்று காட்டுங்கள். கவனித்துப் பழகியவனுக்குக் கல் எடுக்க மனம் வராது.

கூடவே இதையும் சொல்லிக்கொடுங்கள்: சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், இவற்றின் அருகே போகக் கூடாது. நாய் துரத்தினால் ஓடக் கூடாது, மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். வாலாட்டுகிற நாயெல்லாம் சிநேகமாக இல்லை.

அடுக்குமாடி வாசலில் நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். சங்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். (வாசகர், சென்னை)

சோறு வைப்பது சரி, வாசலில் வைப்பது தவறு. படிக்கட்டு, நுழைவாயில், குழந்தைகள் விளையாடுமிடம் இவற்றிலிருந்து விலகி இடமும் நேரமும் முடிவுசெய்யச் சொல்கின்றன 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். தெருநாய்களுக்கு உணவு வைக்கத் தனி இடம் ஒதுக்கும்படி உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. சங்கத்தாரோடு உட்கார்ந்து பேசுங்கள். மிச்சத்தை நீங்களே கூட்டி அள்ளுங்கள். காது நுனியில் வெட்டு இல்லாத நாய்க்குக் கருத்தடை ஆகவில்லை என்று பொருள், மாநகராட்சிக்குச் சொல்லுங்கள்.

வீட்டு நாயின் நகம் பட்டு லேசாக ரத்தம். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோமே?

போட்டிருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: சோப்பு, ஓடும் தண்ணீர், 15 நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். தோலுக்குள் போடும் ரேபிஸ் ஊசி என்றால் முதல் நாள், பிறகு அந்த நாளிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து. வலி போய்விட்டது என்று கடைசி ஊசியை விடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற வழியில்லை.

கருத்தடைக்கு முன் ஒரு தடவையாவது குட்டி போட விட வேண்டுமாமே?

வேண்டியதில்லை. கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்குக் கருப்பையில் சீழ் வைப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதோடு, பிறக்கப்போகும் ஐந்தாறு குட்டிகளுக்கும் வீடு பார்த்துவிட்டீர்களா?