வரவு சாமி கணக்கில், செலவு விதி கணக்கில்

கேள்வி: 12 மெஷின் வைத்து பவர் டேபிள் என்கிற தையல் யூனிட் நடத்துகிறேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. பக்கத்துக் கம்பெனிக்காரர் லாபத்தில் ஒரு பங்கு பெருமாளுக்கு என்று ஒதுக்கி, மாதாமாதம் திருப்பதி போய் உண்டியலில் போட்டுவிட்டு வருகிறார். எட்டு வருடத்தில் அவர் 60 மெஷின் ஆகிவிட்டார். நான் அதே 12. "உங்க வாய்தான் நம்ம தரித்திரம்" என்கிறாள் மனைவி. அவளுக்கு என்ன பதில் சொல்வது ஐயா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

முதலில், மனைவியோடு வாதம் வேண்டாம். முப்பத்தைந்து வருடமாகச் செய்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவன். அதில் 11 வருடம் கடன் பிரிவு. சிறுதொழில் கடன் கேட்டு வருகிற விண்ணப்பங்களின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். தலைப்பில் பிள்ளையார் சுழி. சிலர் சாமி பாதத்தில் வைத்து எடுத்து வந்திருப்பார்கள், பிரித்தால் துளசி உதிரும். ஒரு மார்ச் மாதக் கடைசியில் வாராக்கடன் கட்டுகளை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி வைத்துப் பார்த்தபோது, அவற்றிலும் அதே மஞ்சள், அதே சுழி, காய்ந்துபோன அதே துளசி. ஒழுங்காகக் கட்டியவர் கட்டுக்கும் கட்டாமல் போனவர் கட்டுக்கும் வாசனையில்கூட வித்தியாசம் தெரியவில்லை.

கடனில் மூழ்கிய ஒரு ஹோட்டலுக்கு நோட்டீஸ் ஒட்டப் போனோம். ஷட்டருக்கு மேலே பெரிய எழுத்தில் 'முருகன் துணை'. பசை வாளியோடு நின்ற எங்கள் அட்டெண்டர், "சார், சாமி பேரு மறையாம ஒட்டட்டுமா?" என்றார். மறையாமல்தான் ஒட்டினோம்.

உங்கள் பக்கத்துக்காரர் நின்ற அதே திருப்பதி வரிசையில், அதே வேண்டுதலோடு எத்தனையோ பேர் நின்றிருப்பார்கள். தொழில் நிமிர்ந்தவர் மொட்டை போட்டுக்கொண்டு வந்து தெருவுக்கே லட்டு கொடுப்பார். நொடித்துப்போனவர் எதைக் கொடுப்பார்? அவர் கதை நம் காதுக்கு வருவதே இல்லை. வந்தாலும் "அவன் ஜாதகம் அப்படி" என்று முடித்துவிடுவோம். வரவைச் சாமி கணக்கிலும் செலவை விதி கணக்கிலும் எழுதினால் எந்தப் பேரேட்டிலும் சாமிக்கு லாபம்தான் வரும்.

சரி, பக்திக்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூனில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, கடை மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரை உயர்ந்தவர். அவர் கொண்டுவந்த பழைய பேரேடு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதில் மற்ற ஆட்களுக்கு இருப்பதுபோலவே தெண்டாயுதபாணி சுவாமிக்கும் ஒரு பற்று வரவுக் கணக்கு. மகமை என்று தொழிலில் ஒரு சிறு வீதத்தை நகரத்தார்கள் கோயிலுக்கு எடுத்து வைப்பார்கள். அந்தப் பணம் உண்டியலில் தூங்காது. கடைகளுக்கே வட்டிக்குப் போய் வட்டியோடு திரும்பும். கோயிலில் கூடும்போதே வட்டி விகிதமும் பேசி முடிவாகிவிடும். யார் கை நீளம், யார் நாணயம் எப்படி என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். சன்னதியில் நின்று கொடுத்த வாக்கைத் தவறினால் அப்புறம் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. பர்மாவின் நெல் வயல்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது இந்த ஏற்பாட்டில்தான்.

இதைப் பார்த்த யாரும் முருகன் கொடுத்த செல்வம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1930ல் உலகச் சந்தையில் அரிசி விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. 1930ல் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு வைத்திருந்த செட்டியார்கள், 1937 வாக்கில் ஏறக்குறைய 25 பங்குக்கு உடைமையாளர்கள். நிலத்தை இழந்த பர்மியர்களும் தினமும் புத்தரை வணங்கியவர்கள்தான் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. ஐயா காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு 1948ல் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது.

பக்தி அதே பக்தி, மகமை அதே மகமை. பேரேட்டின்படி முருகனும் கடன் கொடுத்தவர்களில் ஒருவர். எல்லோருக்கும் போனபோது அவருக்கும் போயிற்று.

உங்கள் பக்கத்துக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். பெருமாளுக்குப் பங்கு பிரிக்க வேண்டுமானால், லாபம் எவ்வளவு என்று அவர் மாதாமாதம் கணக்குப் போட்டே ஆகவேண்டும். நூல் செலவு, தையல் கூலி, கரண்ட் பில், செக்கிங்கில் கழிந்த பீஸ் எல்லாம் தள்ளி, மிச்சம் என்ன? கூட்டாளி கடவுளாக இருப்பதால் பொய்க்கணக்கு எழுதவும் கை கூசும். நீங்கள் கடைசியாக எப்போது அப்படி உட்கார்ந்து கணக்குப் போட்டீர்கள்? இன்னொன்றும் விசாரியுங்கள்: திருப்பதி பயணத்தில் அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவது யார்? ஆர்டர் கொடுக்கிற ஆளாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கேள்வி: அட்சய திருதியை அன்று குண்டுமணித் தங்கமாவது வாங்கினால் வீட்டில் தங்கம் பெருகும் என்பது உண்மையா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

நகைக்கடையில் பெருகும். என் அம்மா அன்றைக்குத் தயிர்சாதம் பிசைந்து வாசலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பார். கொடுக்கிற நாளாக இருந்தது வாங்குகிற நாளாக மாறியதை என் கண்ணெதிரிலேயே பார்த்தேன். புராணத்தை விட விளம்பரத்துக்குப் பலம் அதிகம்.

கேள்வி: சுவீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் கோயிலுக்குப் போகிறவர்களே குறைவு, ஆனால் கொழிக்கிறார்கள். நாம் தெருவுக்கு ஒரு கோயில் கட்டியும் இப்படி இருக்கிறோம். நம்பிக்கையை விட்டால் முன்னேறலாம் என்பதற்கு இது சாட்சி இல்லையா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, இதுவும் பக்கத்துக் கம்பெனிக்காரர் கதைதான், திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் பணமும் உண்டு, சர்ச்சும் உண்டு. வளைகுடாவில் எண்ணெயும் உண்டு, ஐந்து வேளைத் தொழுகையும் உண்டு.

மாக்ஸ் வெபர் என்ற ஜெர்மன் அறிஞர் 1904–05ல், சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் (புராட்டஸ்டன்டுகளின்) உழைப்பும் சிக்கனமும் கலந்த மத ஒழுக்கம்தான் முதலாளித்துவத்துக்கு உரம் போட்டது என்று எழுதினார். பெரிய விவாதம் நடந்தது. அப்புறம் 2009ல் இரண்டு ஜெர்மன் பொருளாதார அறிஞர்கள் பழைய ஜெர்மன் ராஜ்யமான பிரஷ்யாவின் 19ஆம் நூற்றாண்டு வட்டாரக் கணக்குகளை எடுத்து அலசினார்கள். சீர்திருத்தக் கிறிஸ்தவர் வாழ்ந்த பகுதிகள் செழிப்பாக இருந்தது உண்மைதான். ஆனால் காரணம் பெரும்பாலும் எழுத்தறிவு. பைபிளை ஒவ்வொருவரும் தானே படிக்க வேண்டும் என்று அந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதர் சொல்லப்போக, பள்ளிக்கூடங்கள் பெருகின. வேதம் படிக்கக் கற்றவன் பேரேடும் படித்தான், அவ்வளவுதான்.

சுவீடனில் வேண்டுதல் குறைந்ததற்கும் நான் ஒரு காரணம் ஊகிக்கிறேன். பிரசவமா, ஆபரேஷனா, வேலை போய்விட்டதா, அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. நம் ஊரில் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். உள்ளே பில் எவ்வளவு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

கேள்வி: நல்லவன் கஷ்டப்படுகிறான், கெட்டவன் பங்களா கட்டுகிறான். கடவுள் இருந்தால் இது எப்படி?
(வாசகர், நாகர்கோவில்)

வள்ளுவரே இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார். "அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்" என்கிறார். பொறாமைக்காரன் செழிப்பதும் நேர்மையானவன் கெடுவதும் யோசிக்கவேண்டிய விஷயம் என்று சொன்னவர், யோசித்து என்ன கண்டுபிடித்தார் என்று சொல்லாமலே அடுத்த குறளுக்குப் போய்விடுகிறார். உரையாசிரியர்கள் பழைய வினை என்று சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு வள்ளுவரின் அந்த மௌனம் பிடித்திருக்கிறது.

கேள்வி: கடவுளை நம்பாதவர்களிடம் லட்சுமி தங்கமாட்டாள் என்கிறார் எங்கள் ஊர் ஜோசியர்.
(வாசகர், ஈரோடு)

ஈரோட்டில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? உங்கள் ஊர் மண்டிக்கடை வெங்கடப்ப நாயக்கர் பெரும் பக்தர், பெரும் பணக்காரர். பாகவதர்களுக்கு அவர் வீட்டில் எப்போதும் இலை போட்டபடி இருக்கும். அவர் மகன் பெரியார் அந்த பாகவதர்களிடமே கேள்வி கேட்டு வளர்ந்தார். கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்னவர், கையெழுத்துப் போடவும் போட்டோ எடுத்துக்கொள்ளவும் காசு வாங்கி, அதைக் கழகத்துக்குச் சேர்த்தார். சிக்கனத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. இன்னொரு வேடிக்கை, அவர் ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராகவும் இருந்தவர். கோயில் நிர்வாகம் அவர் கையில் ஒழுங்காகவே நடந்தது.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் உண்டியலில் காசு போட்டதே இல்லையா?
(வாசகி, சேலம்)

போட்டதை விட எண்ணியது அதிகம். உண்டியல் திறக்கும் நாளில் கோயில் அதிகாரிகளோடு வங்கி ஆட்களும் போகவேண்டும். கொங்குப் பக்கத்தில் ஒரு மலைக்கோயிலுக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். மண்டபத்தில் தரையில் துணி விரித்து, கேமரா பார்த்துக்கொண்டிருக்க, கொட்டுவார்கள். நோட்டெல்லாம் திருநீறும் குங்குமமும். சில்லறையைச் சல்லடையில் சலிப்போம். வெள்ளிக் கண்மலர், தாலிப்பொட்டு, மலேசிய ரிங்கிட். மாலைக்குள் விரல் நுனி சிவந்துவிடும், மூக்கில் கற்பூரம் ஏறிவிடும்.

2017 ஜனவரியில் எண்ணியதுதான் மறக்காது. பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை வங்கியில் கட்டும் கெடு டிசம்பர் 30ஆம் தேதியோடு முடிந்திருந்தது. உண்டியலைக் கொட்டினால் கட்டுக் கட்டாக அதே பழைய நோட்டு. ரப்பர் பேண்டுகூடக் கழற்றவில்லை. வங்கி வாங்காததைச் சாமி வாங்கிக்கொள்வார் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோயில் குமாஸ்தா, "வருமானத்துல காட்டறதா, கழிவுல காட்டறதா சார்?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அந்தக் குவியலிலேயே நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள், எட்டாக மடித்து, உள்ளே ஒரு புதுப் பத்து ரூபாயோடு இருந்தது. 'அப்பாவுக்கு வேலை வேணும். கிடைச்சா 100 போடறேன்' என்று பென்சிலில் எழுதியிருந்தது. அட்வான்ஸ் பத்து, பாக்கி தொண்ணூறு என்று அடியில் கணக்கும் போட்டிருந்தது. பத்து ரூபாயை எண்ணுகிற பக்கம் போட்டேன். தாளை என்ன செய்வது என்று குமாஸ்தாவைக் கேட்டேன். கடிதங்களுக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது, அதைக் காட்டினார். அது ஏற்கெனவே நிரம்பியிருந்தது.